ஒரு கப் டீயும் ஒரு நல்ல பாடமும்: அயல்நாட்டில் வாழ்வோரின் அனுபவத்திலிருந்து ஆங்கிலம் கற்கும் முறை

கோத்தகிரியில் மாலை ஆறு மணிக்கு நடக்கும் எங்கள் ஆங்கில வகுப்பில், முதல் மூன்று ஆண்டுகள் நான் இலக்கணப் புத்தகத்தை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் பன்னிரண்டு காலங்களையும் அட்டவணை போட்டு ஒப்பிப்பார்கள். ஆனால் ஒருநாள் பேருந்து நிலையத்தில் கோடநாடு காட்சிமுனைக்கு வழி கேட்ட வெளிநாட்டுப் பயணி ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தபோது, அங்கு நின்ற என் மாணவர் நால்வரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கையைக் காட்டிச் சமாளித்துவிட்டு வந்தார்கள். அது அவர்கள் குறை இல்லை, என் பாடத்தின் குறை என்பது எனக்குத் தெரியச் சில மாதங்கள் ஆயின.

நர்சிங் முடித்த மாணவி ஒருத்தி, இங்கிலாந்தில் பணிபுரியும் தன் அத்தை மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை ஒருநாள் வகுப்பில் போட்டுக் காட்டினாள். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வார்டுப் பொறுப்பாளர் தினமும் காலையில் எதிரே வந்து "யூ ஆல்ரைட்?" என்று கேட்பாராம். தன் முகத்தில் ஏதோ வாட்டம் தெரிவதால்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இவரும் ஒவ்வொரு நாளும் நின்று, இரவு தூக்கம் வராததையும் முதுகுவலியையும் விளக்கிச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் கழித்துத்தான் அது அந்த ஊர் வணக்கம் என்பதும், பதிலுக்கு "ஆல்ரைட்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம் என்பதும் தெரிந்திருக்கிறது. வகுப்பே சிரித்தது. மறுவாரம் கேட்டபோது அந்த இரண்டு சொற்களை மறந்தவர் ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, அயல்நாட்டில் வாழ்வோர் சொல்லும் சொந்த அனுபவங்களையே பாடமாக எடுத்துக்கொண்டோம். அதை வீட்டிலிருந்தே எப்படிச் செய்வது என்று இங்கே படிப்படியாக விளக்குகிறேன். தமிழ்வழியில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்து, ஆங்கில எழுத்தை வாசிக்கத் தெரிந்தும் பேச நாக்கு எழாமல் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

தேவையானவை

குரலைப் பதிவு செய்யும் வசதியுள்ள கைபேசி ஒன்று, காதில் மாட்டும் இயர்போன் ஒன்று, எண்பது பக்க நோட்டு ஒன்று, நாளுக்கு நாற்பது நிமிடம். இவை போதும். வாரத்துக்கு ஒரே ஒரு கதை என்பதுதான் கணக்கு. ஆர்வ மிகுதியில் இரண்டாவதைத் தொடாதீர்கள். இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், ஏனென்றால் முதலில் பழக வேண்டியது காது. எழுத்துக்கூட்டு நோட்டில் எழுதும்போது தானாக வந்து சேரும்.

படி 1: கதை சொல்பவரைத் தேர்ந்தெடுத்தல்

உங்கள் ஊரிலிருந்து, உங்களைப் போன்ற குடும்பத்திலிருந்து, நீங்கள் செய்யப் போகும் வேலைக்கே சென்ற ஒருவரைத் தேடுங்கள். அவர் எங்கே தடுக்கி விழுந்தாரோ, பெரும்பாலும் அங்கேதான் நீங்களும் விழுவீர்கள் என்பதால், அவர் கதையில் வரும் ஆங்கிலம் உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் ஆங்கிலமாக இருக்கும். போய் இரண்டு ஆண்டுக்கு மேலும் பத்து ஆண்டுக்குள்ளும் ஆனவராக இருந்தால் நல்லது. போய் ஒரு மாதமே ஆனவர் வீட்டு நினைவையும் குளிரையும் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டார். இருபது ஆண்டுகள் ஆனவருக்கோ தொடக்கத்தில் எது கடினமாக இருந்தது என்பதே மறந்திருக்கும்.

"எங்கள் வீட்டில் வெளிநாடு போனவர் யாரும் இல்லையே" என்று சொல்பவர்களிடம், "உங்கள் பாட்டி எந்த ஊர்?" என்று கேட்பது என் வழக்கம். நீலகிரியில் அந்தக் கேள்விக்கு அடிக்கடி "சிலோன்" என்ற பதில் வரும். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து குடும்ப அட்டையுடன் கூடலூருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வந்தவர்கள் பலர். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னர் டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அந்தப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது என்பீர்கள். தோட்டத்தின் வரிசை வீடுகளை அவர் "லயம்" என்று சொல்வது ஆங்கில "லைன்". காலையில் வேலை பிரிக்க ஆட்களைக் கூட்டுவதை "பெரட்டு" என்று சொல்வது ஆங்கில "பரேட்". எழுதப் படிக்கத் தெரியாமலேயே, வேலையோடு வந்த சொல்லை வேலையோடு கற்றுக்கொண்டவர் அவர். பாட்டியின் பயணத்தை எட்டு வாக்கியத்தில் ஆங்கிலமாக்குவதையே முதல் வாரப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். என் மாணவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் தொடங்கினார்கள்.

அதுவும் இயலாதவர்களுக்கு இணையத்தில் பொதுச் சேகரிப்புகள் உள்ளன. அமெரிக்காவில் குடியேறிய தெற்காசியர்களின் வரலாற்றைச் சேகரிப்பதற்காக 2008இல் தொடங்கப்பட்ட சாடா என்ற ஆவணக் காப்பகம், "ஃபர்ஸ்ட் டேஸ் புராஜெக்ட்" என்ற பெயரில், அந்நாட்டில் காலடி வைத்த முதல் நாளைப் பற்றிய அனுபவங்களைத் திரட்டி வைத்திருக்கிறது. பேசுபவர்கள் நம் பக்கத்து மனிதர்கள், கதைகளும் சிறியவை என்பதால் தொடக்கநிலையினருக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் 1928 முதல் 1971 வரை ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வந்திறங்கிய பியர் 21 என்ற கட்டடம் இன்று குடிவரவு அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கும் வாய்மொழி வரலாறுகள் உண்டு. அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் வந்திறங்கிய நியூயார்க்கின் எல்லிஸ் தீவுப் பதிவுகள் புகழ்பெற்றவை என்றாலும், முதியவர்களின் பழைய ஒலிப்பதிவுகள் என்பதால் ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு அவற்றைத் தொடலாம்.

படி 2: கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

"அந்த ஊர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "நல்லா இருக்கு, குளிர்தான் கொஞ்சம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு நாளைக் கேளுங்கள், ஒரு இடத்தைக் கேளுங்கள், ஒரு தவறைக் கேளுங்கள். முதல்முறை தனியாகக் கடைக்குப் போனபோது கல்லாவில் இருந்தவர் என்ன கேட்டார், எந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு சங்கடப்பட்டீர்கள், தொலைபேசியில் பேசப் பயந்தது யாரிடம் என்பன போன்ற கேள்விகளுக்குக் கதை வரும். அவர் தமிழில் சொல்லட்டும். ஆனால் எதிரில் இருந்தவர் சொன்னதை மட்டும், அவர் வாயில் வந்த ஆங்கிலத்திலேயே சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேண்டுகோள்தான் பதிவைப் பாடமாக மாற்றுகிறது.

இங்கிலாந்து நேரம் கோடையில் நம்மைவிட நான்கரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்தங்கியது. இரவுப் பணி முடித்துத் தூங்குபவரை நம் மதிய நேரத்தில் அழைத்து எழுப்பினால் கதை கிடைக்காது. அழைக்காமல் செய்தி அனுப்புவதே நல்லது. என் மாணவி அனுப்பிய செய்தி இப்படி இருந்தது: "அக்கா, நல்லா இருக்கீங்களா? அத்தை சுகமா இருக்காங்க. நீங்க தூங்கி எழுந்து, நேரம் இருக்கும்போது, ஆஸ்பத்திரியில முதல் வாரம் நடந்த ஏதாவது ஒண்ணை மூணு நிமிஷத்துக்குச் சொல்லி அனுப்புவீங்களா? எங்க வகுப்புல எல்லாரும் கேட்கலாமா?" இதில் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒருவர் தன் தடுமாற்றத்தை நம்பிச் சொல்கிறார். அவர் அனுமதி இல்லாமல் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டுவது முறையாகாது. சம்பளத்தையும் விசாவையும் இந்தப் பேச்சில் கேட்க வேண்டாம்.

பதிவு வந்ததும் அதைக் கோப்பாகக் கைபேசியிலேயே சேமித்துவிடுங்கள். கீழ்க்கோத்தகிரிப் பக்கத்தில் ஆடி மழையில் சிக்னல் போனால் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 3: முதலில் தமிழில், எட்டு வரியில்

நேரடியாக ஆங்கிலத்துக்குத் தாவுவதுதான் தொடக்கநிலையினர் செய்யும் பெரிய தவறு. பொருள் தெரியாத ஒலியைக் காது பிடித்துக்கொள்ளாது. நடந்தது என்ன என்பது முழுக்கத் தெரிந்த பிறகு, அதை எப்படிச் சொன்னார்கள் என்பதில் மட்டும் கவனம் செலுத்தினால் பாதிச் சுமை குறைந்துவிடும். ஆகவே கதையைத் தமிழில் எட்டு வரியாகச் சுருக்கி எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு செயல், அதற்கு மேல் வேண்டாம்.

வட இங்கிலாந்தின் ஒரு மருத்துவமனையில் இருக்கும் அந்த அக்கா அனுப்பிய கதையையே எடுத்துக்கொள்கிறேன். அவருடைய தாயார் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. அது என் முதல் வாரம்.
2. மாலை நாலரை மணிக்கு ஒரு பெரியவர், "வென்ஸ் மை டீ கமிங்?" என்று கேட்டார்.
3. நான் ஒரு கப் டீ கொண்டுவந்து கொடுத்தேன்.
4. அவர் குடித்துவிட்டு நன்றி சொன்னார்.
5. கால் மணி நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டார்.
6. நான் இன்னொரு கப் கொண்டுவந்தேன்.
7. அவர் சிரித்துக்கொண்டே, "நோ, லவ், மை டீ. ஐ ஆம் ஸ்டார்விங்" என்றார்.
8. அங்கே டீ என்றால் மாலைச் சாப்பாடு என்று ஒரு நர்ஸ் விளக்கினார்.

இங்கிலாந்தின் வடபகுதியில் மாலை ஐந்து, ஆறு மணிக்கு உண்ணும் சாப்பாட்டுக்குப் பெயரே "டீ". தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு, உலகத்தில் வேறு எந்தச் சொல் தெரியாமல் போயிருந்தாலும் இந்தச் சொல் தெரியாமல் போயிருக்கக் கூடாது என்று அவர் அம்மா இன்றைக்கும் கேலி செய்கிறாராம். முன்பின் தெரியாதவரையும் "லவ்" என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம், நம் ஊரில் கடைக்காரர் "என்ன கண்ணு வேணும்?" என்பதைப் போன்றது, வேறு பொருள் அதில் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் மனம் சங்கடப்பட்ட பெண்கள் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன்.

படி 4: எட்டு வரியையும் ஆங்கிலமாக்குதல்

இப்போது அகராதியைத் தொடாமல், தெரிந்த சொற்களை வைத்தே நீங்களாக எழுதிப் பாருங்கள். தப்பும் தவறுமாக வரும், வரட்டும். எழுதி முடித்த பிறகு கீழே உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

1. "இட் வாஸ் மை ஃபர்ஸ்ட் வீக்."
2. "அட் ஹாஃப் பாஸ்ட் ஃபோர், ஆன் ஓல்ட் மேன் ஆஸ்க்ட் மீ வென் ஹிஸ் டீ வாஸ் கமிங்."
3. "ஐ ப்ராட் ஹிம் எ கப் ஆஃப் டீ."
4. "ஹீ டிராங்க் இட் அண்ட் தேங்க்ட் மீ."
5. "ஃபிஃப்டீன் மினிட்ஸ் லேட்டர், ஹீ ஆஸ்க்ட் அகெய்ன்."
6. "ஐ ப்ராட் ஹிம் அனதர் கப்."
7. "ஹீ லாஃப்ட் அண்ட் செட், 'நோ, லவ், மை டீ. ஐ ஆம் ஸ்டார்விங்.'"
8. "எ நர்ஸ் டோல்ட் மீ தட் டீ மென்ட் தி ஈவினிங் மீல் தேர்."

எங்கள் வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் தடுமாறியது இரண்டாம் வரியில். "ஹீ ஆஸ்க்ட் வென் மை டீ வாஸ் கமிங்" என்று எழுதினார்கள். இது கவனக்குறைவால் வரும் பிழை இல்லை, தமிழ் மனம் செய்யும் வேலை. நம் மொழியில் "என்று" என்ற சொல் இருக்கிறது. "நாளைக்கு வருகிறேன் என்று அண்ணன் சொன்னார்" என்கிறோம். அண்ணனின் "வருகிறேன்" அவர் வாயிலிருந்து வந்தபடியே நிற்கிறது, நாம் அதைத் தொடுவதில்லை. ஆங்கிலத்தில் அடுத்தவர் பேச்சை நம் பேச்சோடு இணைத்துச் சொல்லும்போது, சொல்பவரின் இடத்தில் நின்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்: அவர் சொன்ன "மை" நம் வாயில் "ஹிஸ்" ஆகிறது, அவர் சொன்ன "இஸ்" நம் வாயில் "வாஸ்" ஆகிறது. மாற்றாமல் விட்டால், பெரியவர் தன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, கதை சொல்லும் நர்ஸின் சாப்பாடு எப்போது வரும் என்று விசாரித்தார் என்ற பொருள் வந்துவிடும். ஒரு வாரம் முழுவதும் இந்த ஒன்றை மட்டும் பழகினாலும் தகும். வீட்டில் யார் எதைச் சொன்னாலும், அம்மா உப்பு கேட்டாலும், தம்பி பணம் கேட்டாலும், "ஷீ ஆஸ்க்ட் மீ", "ஹீ ஆஸ்க்ட் மீ" என்று மனத்துக்குள் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

எட்டாம் வரியில் இன்னொரு சிக்கல். ஒருவர் சொன்ன செய்தியைத் தெரிவிக்கும்போது "டோல்ட்" என்ற சொல்லுக்குப் பின்னால் யாரிடம் சொன்னார் என்பது வந்தே தீர வேண்டும்: "டோல்ட் மீ", "டோல்ட் ஹெர்". "செட்" என்ற சொல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. "ஹீ டோல்ட் தட்" என்று நாம் சொல்வது, தமிழில் "அவர் சொன்னார்" என்பதற்கு ஆள் தேவைப்படாததால் வரும் பழக்கம்.

மூன்றாவது, "எ" என்னும் அந்தச் சின்னச் சொல். முதல்முறை வரும்போது "ஒரு", அடுத்தமுறை வரும்போது "அந்த" என்று நாமும் தமிழில் சொல்வதுண்டு. ஆகவே "எ", "தி" இரண்டும் நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. ஆனால் இந்தக் கதையில் அது உயிர்நாடியாக இருப்பதைப் பாருங்கள். "எ கப் ஆஃப் டீ" என்றால் குடிப்பது. "மை டீ" என்றால், அந்த ஊரில், அந்த நேரத்தில், சாப்பாடு. பெரியவர் முதல்முறையே "மை" என்று சொல்லிவிட்டார். கேட்டவர் காதில் "டீ" மட்டும் விழுந்தது.

இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கதையில் பத்து இலக்கணக் குறிப்பு எடுத்தால் ஒன்றும் தங்காது.

படி 5: காதும் நாக்கும்

பதிவில் ஆங்கிலம் வரும் இடத்தை மட்டும் பத்து முறை கேளுங்கள். பிறகு அவர் சொல்லச் சொல்ல, நிழல் தொடர்வதுபோல் அரை நொடி பின்னால் நீங்களும் சொல்லுங்கள். நிறுத்திவிட்டுச் சொல்வது எளிது, பயனும் குறைவு. ஓடும் பேச்சோடு ஓடினால்தான் அதன் தாளம் நாக்குக்கு வரும்.

தாளம் என்று சொல்லக் காரணம் உண்டு. தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறத்தாழ ஒரே அளவு இடம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் முக்கியமான சொல் மேலே எழும்ப, மற்றவை அதன் காலடியில் நசுங்கிப்போகும். "வென்ஸ் மை டீ கமிங்" என்பதில் "டீ"யும் "கமிங்"கின் தொடக்கமும்தான் தெளிவாகக் கேட்கும். "வென் இஸ்" என்பது "வென்ஸ்" என்று சுருங்கிவிட்டது. "கப் ஆஃப் டீ" என்பது வாயில் "கப்பட்டீ" என்று வரும். இது என்ன அநியாயம் என்று கேட்ட மாணவனிடம், மரமும் கிளையும் சேர்ந்து "மரக்கிளை" ஆனபோது மகரம் எங்கே போனது என்று கேட்டேன். புணர்ச்சி விதிகளைப் படித்துத் தேர்வு எழுதிய நமக்கு, இன்னொரு மொழியில் சொற்கள் ஒட்டிக்கொள்வது வியப்பாக இருக்கக் கூடாது.

நம் பக்கத்திலிருந்து வரும் பழுது முக்கியமாக ஒன்றுதான்: மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்கு ஓர் உகரம் போட்டுவிடுவது. "கப்" நம் வாயில் "கப்பு" ஆகிறது, "ரோட்" "ரோடு" ஆகிறது. தமிழில் வல்லினத்தில் சொல் முடிவதில்லை என்பதால் நாக்கு தானாக ஒரு தூணை முட்டுக் கொடுக்கிறது. உதட்டை மூடி, "கப்" என்று சொல்லி, மூடியபடியே ஒரு நொடி நிறுத்திப் பழகினால் பத்து நாளில் இது சரியாகும். வெட்கமாக இருந்தால், காலையில் பனி விலகாத நேரத்தில் தேயிலைக் காட்டுப் பாதையில் நடந்துகொண்டே சொல்லுங்கள். காட்டெருமை நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: சொற்களை இடவாரியாக எழுதுதல்

நோட்டின் பின்பாதியை அகர வரிசையில் பிரிக்காமல் இடங்களாகப் பிரியுங்கள்: மருத்துவமனை, கடை, பேருந்து, வீடு, அலுவலகம். கதையில் கேட்ட சொல்லை அது கேட்ட இடத்தில் எழுதி, எந்த நாட்டில் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். நாடு முக்கியம். பிரிட்டனில் "சர்ஜரி" என்று ஒருவர் சொன்னால் அறுவைச் சிகிச்சைதான் என்று பதறாதீர்கள். தெருமுனையில் இருக்கும் டாக்டரின் கிளினிக்குக்கும் அங்கே அதே பெயர். மருந்துக்கடைக்கு "கெமிஸ்ட்". அமெரிக்காவில் "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்" என்றால் தரைத்தளம்; நம் வழக்கும் பிரிட்டன் வழக்கும் வேறு, அங்கே அது முதல் மாடி. கனடாவில் கழிப்பறைக்கு "வாஷ்ரூம்". அமெரிக்கக் கடையில் "ஃபார் ஹியர் ஆர் டு கோ?" என்று ஒரே மூச்சில் கேட்டால், இங்கேயே சாப்பிடுகிறீர்களா, பார்சலா என்று பொருள். ஆஸ்திரேலியாவில் பிற்பகலுக்கு "ஆர்வோ" என்பார்கள்.

அதே நோட்டில் கடைசிப் பக்கத்தை நம் ஊர் ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள். நாம் சொல்லும் "அவுட் ஆஃப் ஸ்டேஷன்", "நேட்டிவ் பிளேஸ்", "ஐ ஹேவ் எ டவுட்" எல்லாம் இந்தியாவுக்குள் நன்றாகச் செல்லும் நாணயங்கள். வெளியே போனால் மாற்ற வேண்டும். நர்சிங் படித்தவர்கள் குறிப்பாக "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்று சொல்லாதீர்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர், அந்த ஆண்டில் நீங்கள் மயங்கி விழுந்ததாகவே புரிந்துகொள்வார்கள். "ஐ கிராஜுவேட்டட்" என்பதே பாதுகாப்பு.

படி 7: அந்தக் கதையிலிருந்து உங்கள் கதைக்கு

ஐந்தாம் நாள், நோட்டைப் பார்க்காமல் கதையை இரண்டு நிமிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஆறாம் நாள், அதே சட்டகத்தில் உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்: நீங்கள் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்ட நாள், முதன்முதலில் கோவைக்குத் தனியாகப் போன நாள், எதுவாகவும் இருக்கலாம். "இட் வாஸ் மை ஃபர்ஸ்ட் டே", "ஐ ஆஸ்க்ட்", "ஹீ டோல்ட் மீ" என்ற கட்டைகள் அப்படியே இருக்க, உள்ளே இருப்பவை மட்டும் மாறும்.

தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு இந்தப் படி நேரடியாக உதவும். வெளிநாடு செல்வோரின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில், பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கும். அதன் இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். தலைப்புகளில் பல சொந்த அனுபவத்தைச் சொல்லச் சொல்பவை. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய, கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7 புள்ளியும், எழுதுதலில் 6.5 புள்ளியும் தேவை. இந்த முறை கேட்டலுக்கும் பேச்சுக்கும் நன்றாகக் கைகொடுக்கும். எழுதுதலுக்குத் தனியாக உழைத்தாக வேண்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்தவர் கதையைத் தன் கதையாக மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிக்காதீர்கள். என் மாணவி ஒருத்தி ஒரு பயிற்சி மையத்தில் பெரும் கட்டணம் கட்டி, ஐம்பது தலைப்புகளுக்கான மனப்பாட விடைகளோடு திரும்பி வந்தாள். தேர்வாளர் நடுவில் வேறு மாதிரி ஒரு கேள்வி கேட்டதும் ஐம்பதும் ஒரே நேரத்தில் மறந்துபோயின. சொந்தமாக நடந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பவரை எந்தக் கேள்வியாலும் அப்படி நிறுத்த முடியாது. சொல் சிக்கினாலும், என்ன நடந்தது என்பது தெரியுமே.

படி 8: சொன்னவருக்கே திருப்பிச் சொல்லுதல்

ஏழாம் நாள், அவர் சொன்ன கதையின் உங்கள் ஆங்கில வடிவத்தை அவருக்கே குரல் பதிவாக அனுப்புங்கள். எல்லாப் பிழையையும் திருத்தச் சொன்னால் அவருக்கும் சலிப்பு, உங்களுக்கும் சோர்வு. ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லும்படி கேளுங்கள்.

எங்கள் மாணவி, டீ கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லி, ஒரு சனிக்கிழமை இரவு தன் அக்காவுக்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மாலை பதில் வந்தது. முதலில் சிறிது நேரம் சிரிப்பு, பின்னால் வார்டில் யாரோ மணி அடிக்கும் ஓசை, அதன் பிறகு இந்த வார்த்தைகள்: "நல்லா இருக்குடி. அந்த ஐயா சொன்ன 'லவ்'வை மட்டும் நீ 'லவ்வு'ன்னு சொல்லியிருக்க. உதட்டைக் கடிச்ச மாதிரி வச்சு அங்கேயே நிறுத்து. அதை மாத்தி மறுபடி அனுப்பு, அடுத்த கதை சொல்றேன்."